காட்டுயிர்ப் படங்களைத் திருத்துவதும் குறை கேட்டுக் கற்பதும்

காட்டுயிர்ப் படத்தை எடிட் செய்வதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த உயிரை அந்த இடத்திலேயே பலமுறை பார்த்த ஒருவர், படத்தைப் பார்த்ததும் தயங்காமல் நம்ப வேண்டும். கல்யாணப் படத்துக்கும் விளம்பரப் படத்துக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. கொங்கு நாட்டில் இப்படிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்களுக்குப் பஞ்சமில்லை. காங்கேயத்துக் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) ஆடு மேய்ப்பவர், கிளுவை வேலியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை நாள்தோறும் பார்க்கிறார். திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டிலும் கூழைக்கடாக்களைக் கணக்கெடுக்கும் பறவை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். சத்தியமங்கலம் காட்டின் வேட்டைத் தடுப்புக் காவலர் யானையோடு யானையாகவே நடமாடுகிறார். எடிட்டிங்கைக் கற்றுக்கொள்வதற்கு மென்பொருளின் பாடங்களைக் காட்டிலும் இவர்களுடைய கண்கள் உதவும்.

கேமராவை ரா கோப்பில், அதாவது சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு வகையில், வைத்துக்கொண்டு எடுப்பது முதல் தேவை. ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 ஒளிர்வுப் படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. கொக்கின் வெண்மைக்குள் ஒளிந்திருக்கும் இறகு வரிகளையும் யானையின் அடிவயிற்று நிழலையும் மீட்பதற்கான இடம் அந்த வித்தியாசத்தில்தான் கிடைக்கிறது. மென்பொருளுக்குப் பணம் செலவிட விருப்பமில்லாதவர்கள் டார்க்டேபிள், ரா தெரப்பி ஆகிய இரண்டில் ஒன்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லைட்ரூம் இல்லாததால் எந்தப் படமும் கெட்டுப்போகப் போவதில்லை. படங்களைக் கணினியில் ஏற்றியவுடன் நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கலில் அந்த உயிரின் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லாத படத்தில், மிக அரிதான நடத்தை ஏதேனும் பதிவாகியிருந்தாலன்றி, நேரம் செலவிடாதீர்கள்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது. பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் அதிகப் பொய்கள் நுழைகின்றன. சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் யானை செம்மண்ணை வாரித் தன்மீது இறைத்துக்கொண்ட பிறகு, அதன் முதுகும் நெற்றியும் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். காது மடிப்பிலும் வாயோரத்திலும் மட்டும் பழைய கருஞ்சாம்பல் தெரியும். படம் முழுவதும் செம்மண்ணாக இருக்கும்போது கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மையைப் பிழையென்று கருதி நீலத்தின் பக்கம் இழுத்துவிடுகிறது. நாமும் ‘யானை சாம்பல் நிறம்தானே’ என்ற நினைப்பில் நடுநிலை நிறத்தைத் தொட்டுக் காட்டும் ஐட்ராப்பர் கருவியை அதன் முதுகில் வைத்து அழுத்தினால் மண்ணே நிறம் மாறிவிடும். அதற்குப் பதிலாக ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் வைத்துத் தொடங்குங்கள். தந்தத்தையும் காய்ந்த புல்லையும் பார்த்துச் சிறிது சிறிதாகச் சரிசெய்து, மண் மண்ணாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மாலை வெயிலின் பொன்னிறத்தையும் இதே காரணத்துக்காக முழுவதுமாகக் கழுவிவிடக் கூடாது.

வெளிச்ச அளவைத் திருத்தும்போது இருளிலிருந்து வெளிச்சம் வரை பிக்சல்கள் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் ஒட்டுமொத்த வடிவத்தை மட்டும் நம்பாமல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. பனங்காடை சிறகு விரித்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வெளிச்சம் எல்லைக்குள் இருப்பதாகவே ஹிஸ்டோகிராம் காட்டும். ஆனால் நீலச் சேனல் மட்டும் வலது ஓரத்தில், அதாவது உச்ச அளவில், முட்டிக்கொண்டிருக்கும், சிறகின் வெளிர்நீலப் பட்டையில் ஓர் இறகுக்கும் அடுத்த இறகுக்கும் இடையிலான கோடுகள் மறைந்து பெயின்ட் அடித்ததைப் போலாகியிருக்கும். இதன்மேல் நிறத்தைத் தூக்கிக் காட்டும் வைபிரன்ஸைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. செய்ய வேண்டியது நேர்மாறானது: நிறப் பாணியைத் தீர்மானிக்கும் கேமரா புரொஃபைலை ‘விவிட்’ என்பதிலிருந்து ‘நியூட்ரல்’ என்பதற்கு மாற்றி, நீலத்தின் செறிவையும் ஒளிர்வையும் ஓரளவு குறைத்தால் இறகுக் கோடுகள் பெரும்பாலும் திரும்பி வரும். இணையத்துக்கும் கைபேசிக்கும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணவெளியில்தான் (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) ஏற்றுமதி செய்யப் போகிறோம். அது அடோபி ஆர்ஜிபியைக் காட்டிலும் பச்சைநீலங்களைக் குறைவாகவே தாங்கும் என்பதால், ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்து அந்தச் சிறகை மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

புகைமூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவியைப் பற்றி ஒரு சொல். மார்கழிக் காலையில் குளத்தின்மேல் நிற்கும் பனி, படத்தின் குறை ஆகாது. அதை இழுத்துத் துடைத்தால் தண்ணீர் அழுக்காகவும் பறவை வெட்டி ஒட்டியதாகவும் தோன்றும். சித்திரை வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் வேறு வகை. அதில் அலைந்துபோன இறகை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் மேகம் போர்த்திய மென்மையான வெளிச்சம் கிடைக்கும். வெள்ளைப் பறவைகளுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை என்பது என் கருத்து. அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி வெயிலை வரவழைக்க முயல வேண்டாம்.

கிராப் செய்வதற்கு, அதாவது ஓரங்களை வெட்டிச் சிறிதாக்குவதற்கு, முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். நீளத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது சுமார் 27 லட்சம் பிக்சல்தான்; அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் ஏழு அங்குல அகலம்கூடத் தேறாது. தொலைவில் நின்ற பறவையைக் கிராப்பால் பக்கத்தில் கொண்டுவர முடியாது என்று ஏற்றுக்கொண்டு, அதன் சூழலையும் சேர்த்துக் காட்டுவது பல நேரங்களில் நல்ல படமாகவே அமையும். வால்பாறை மலைப்பாதையின் பாறை விளிம்பில் சிறியதாக நிற்கும் வரையாடு, அந்தப் பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் வெறும் ஆடு. தண்ணீரில் நிற்கும் நெடுங்கால் உள்ளானின் பிரதிபலிப்பைப் பாதியில் வெட்டாதீர்கள். பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள்.

மணல் தூவியதைப் போலத் தெரியும் நாய்ஸைக் குறைப்பதும், விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கும் கடைசி வேலைகள். பின்னணியில் மட்டும் நாய்ஸை நன்றாகக் குறைத்து, உயிரின் உடலில் கொஞ்சம் மணல்தன்மையை விட்டுவைத்தால் தோலும் மயிரும் மெழுகாகாமல் தப்பும். உள்ளானின் மெல்லிய கால்களின் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால் ஷார்ப்பனிங் மிகுந்துவிட்டது என்று பொருள்.

எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்ற கேள்விக்குப் பன்னாட்டுப் போட்டிகளின் விதிகள் தெளிவான விடை தருகின்றன. அமெரிக்காவின் பிஎஸ்ஏ, பன்னாட்டு அமைப்பான எஃப்ஐஏபி, இங்கிலாந்தின் ஆர்பிஎஸ் ஆகிய மூன்று ஒளிப்படச் சங்கங்களும் 2014ஆம் ஆண்டு இயற்கைப் படங்களுக்கு ஒரு பொது வரையறையை ஏற்றன. சென்சாரில் ஒட்டிய தூசு, நாய்ஸ் போன்று கேமராவால் வந்தவற்றை நீக்கலாம்; கிராப் செய்யலாம்; ஆனால் காட்சியில் இருந்த எதையும் அழிக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. ஆகவே பறவையின் மார்பைக் குறுக்கே வெட்டும் வேலிக்கருவேல முள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். மனிதன் மாற்றிய சூழலில் பழகிவிட்ட உயிர்களின் கதைக்கு இன்றியமையாததாக இருந்தால் மனிதப் பொருட்களை அந்த வரையறை அனுமதிக்கிறது. மின்கம்பியில் அமர்ந்த பனங்காடைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஏமாற்று எடிட்டிங்கில் மட்டுமே நடப்பதும் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால், 2010 ஜனவரியில் தகுதி இழந்தது.

படம் முடிந்தபின் அதைக் காட்டுவதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. ‘அருமைங்கண்ணா’ என்று சொல்லும் நண்பர் மனத்துக்கு நல்லவர். படத்துக்கு அவரால் பயனில்லை. ஒளிப்படக்காரர் ஒருவர், அந்த உயிரினத்தை அறிந்தவர் ஒருவர், அதோடு அன்றாடம் வாழ்பவர் ஒருவர் என மூவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். காட்டும்போது காத்திருந்த கதையையும் லென்ஸின் விலையையும் சொல்லாதீர்கள், ஏனெனில் அவை படத்தில் இல்லை. கைபேசியின் வெளிச்சத்தை நடுவில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, ‘எப்படி இருக்கிறது?’ என்பதற்குப் பதிலாக ‘முதலில் எது கண்ணில் படுகிறது?’, ‘எது உறுத்துகிறது?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை பேசாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

வரும் விடையை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஹாலோ (ஓரத்து ஒளிக்கோடு), கிளிப்பிங் (உச்சத்தில் விவரம் அழிவது) என்றெல்லாம் சொல்லமாட்டார். ‘ஏனுங்க தம்பி, பட்சிய வெட்டி ஒட்டுனாப்புல இருக்குதுங்களே’ என்பார். அவர் சொன்ன உணர்வு சரி; காரணத்தைத் தேடுவது நம் வேலை. வெட்டி ஒட்டியதைப் போலத் தெரிந்தால் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கின் விளிம்பு தவறியிருக்கலாம், பின்னணியை அளவுக்கு மீறி இருட்டாக்கியிருக்கலாம், அல்லது ஷார்ப்பனிங்கின் வெள்ளைக்கோடு படர்ந்திருக்கலாம். ‘மயிலுக்கு இத்தனை பச்சை ஏதுங்க?’ என்றால் செறிவைப் பாருங்கள். ‘கண்ணுல பல்பு போட்ட மாதிரி இருக்குது’ என்றால் கண்ணை மட்டும் தனியாக வெளிச்சமாக்கியதைப் பாதியாகக் குறையுங்கள்.

எல்லாக் குறைகளும் ஏற்கத்தக்கவை அல்ல. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் வாதிடாமல் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அது ரசனையா பிழையா என்று பிரித்துப் பாருங்கள். நகரத்து ஒளிப்படக்காரர் ‘யானையின் நிறம் தவறு’ என்று சொல்லி, காவலர் ‘செம்மண்ணு பூசுன ஆனைங்க’ என்று சொன்னால், காவலர் சொல்வதே செல்லும். திருத்தும்போது பழைய எடிட்டின்மேல் ஒட்டுப்போடாமல், ரா கோப்பிலிருந்து ஒரு புதிய மெய்நிகர்ப் பிரதியை (மூலக் கோப்பைத் தொடாத தனி எடிட்) தொடங்கி, குறை சொல்லப்பட்ட ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

பிறர் படத்துக்கு நீங்கள் குறை சொல்லும் முறை வரும்போதும் இதே ஒழுங்கு உதவும்: கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், அது செய்யும் விளைவைச் சொல்லுங்கள், பிறகு மட்டுமே காரணத்தை ஊகியுங்கள்.

கூட்டிலிருக்கும் குஞ்சுகள், விரட்டப்பட்டுப் பறக்கும் கூட்டம், காதை விரித்துத் தலையை உயர்த்தி நிற்கும் யானை ஆகியவற்றைப் பார்த்து ‘ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க’ என்று யாரேனும் சொன்னால், அந்தக் குறைக்கு எடிட்டிங்கில் மருந்து கிடையாது. அந்தப் படத்தை வெளியிடாமல் விடுங்கள். கூடும் தேவாங்கும் போன்றவற்றின் படங்களில், கோப்புக்குள் பதிவாகும் ஜிபிஎஸ் இடக்குறிப்பை ஏற்றுமதியின்போதே நீக்கிவிடுங்கள்.

மென்பொருளால் சரிசெய்ய முடியாத மற்றக் குறைகளைத் தனித்தாளில் எழுதி, கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்குது’ என்றால் அடுத்த முறை குளக்கரையின் உச்சியில் நிற்காமல் நீரோரத்தில் தரையோடு தரையாகப் படுத்து எடுக்க வேண்டும். ‘முகம் இருட்டு’ என்றால் காலையில் கிழக்குக் கரையில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இருண்ட நீரில் சிறியதாக நிற்கும் கொக்கு வெளுத்துப்போனதாகச் சொன்னால், எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும். அதே கொக்கு படச் சட்டத்தை நிறைத்து நிற்கும்போது கேமரா தானாகவே இருட்டாக்கிவிடும் என்பதால் அப்போது சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.