பல்ஸ் குறுகினால் போதுமா? குவாண்டம் டாட் புராஜெக்டில் சறுக்கும் இடங்கள்

2023-ல் மத்திய அரசின் குவாண்டம் தொழில்நுட்பத் திட்டமான தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, கோவை, ஈரோடு பக்கம் எம்.எஸ்சி. மாணவர்களும் இந்தத் தலைப்பைத் தொட ஆரம்பித்திருக்கிறார்கள். குவாண்டம் டாட் எனும் நானோ அளவு குறைக்கடத்தித் துணுக்குக்குள் ஓர் எலக்ட்ரானை அடைத்து, தகவலைச் சுமக்கும் அதன் ஸ்பின்னை (எலக்ட்ரான் குட்டிக் காந்தம்போல் நடந்துகொள்ளும் குணம்) லேசர் பல்ஸால், அதாவது மிகக் குறுகிய ஒளித் துடிப்பால், திருப்புவதுதான் விஷயம். லேப் வசதி இல்லாவிட்டாலும் பைத்தானில் சிமுலேஷன் போட்டுவிடலாம். சறுக்கலும் அங்கேதான்.

முதல் ஸ்லைடிலேயே குவாண்டம் டாட் டிவி படம் போடாதீர்கள். அந்த டிவியிலும், 2023 வேதியியல் நோபலுக்குப் பின்னாலும் இருப்பவை பெரும்பாலும் கரைசலில் வளர்க்கும் டாட்கள். இங்கே பேசுவது காலியம் ஆர்செனைடுக்குள் புதைந்த, சுமார் 20 நானோமீட்டர் அகல இண்டியம் ஆர்செனைடு தீவுகளை. வேலை நடப்பது 4 கெல்வின் குளிரில்.

அடுத்தது, பல்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. காஸியன் (மணி வடிவ) பல்ஸில் கால அளவையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் 0.44-க்குக் கீழே போகாது. 4 பைக்கோ செகண்ட் (ஒரு பைக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு) பல்ஸ் என்றால் அகலம், ஆற்றல் கணக்கில், சுமார் 0.45 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 100 ஃபெம்டோ செகண்டுக்கு (0.1 பைக்கோ செகண்ட்) குறைத்தால் அதுவே 18 ஆகிவிடும். சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் தள்ளி இருக்கும் பக்கத்து ஆற்றல் நிலைகளையும் அது கிளப்பிவிடும். பைக்கோ செகண்டே தாராளம். 2008-ல் ஸ்டான்ஃபோர்டில் யமமோட்டோ குழு ஒற்றை ஸ்பின்னை முழுக்கக் கட்டுப்படுத்தியதும் பைக்கோ செகண்ட் பல்ஸால்தான்.

"சார், பவர டபுள் பண்ணுனா திரும்பற கோணமும் டபுள் ஆயிருமுங்களா?" அடிக்கடி வரும் கேள்வி. ஒத்ததிர்வில், அதாவது லேசரின் அதிர்வெண் டாட்டின் ஆற்றல் தாவலுக்குச் சரியாகப் பொருந்தும்படி, அடித்தால் ஆகாது. கோணம் மின்புலத்தைப் பொறுத்தது, புலமோ பவரின் வர்க்கமூலம். ஆகவே நான்கு மடங்கு வேண்டும். ஆனால் ஸ்பின்னைத் திருப்ப ஒத்ததிர்விலிருந்து விலக்கித்தான் அடிப்பார்கள். இல்லையென்றால் டாட் கிளர்நிலைக்குப் போய், ஒரு நானோ செகண்ட் வாக்கில் ஃபோட்டானை உமிழ்ந்து தகவலைத் தொலைத்துவிடும். விலக்கி அடிக்கும்போது, குறைந்த பவரில் கோணம் ஏறக்குறைய பவருக்கே நேர்விகிதம். இரண்டு சூத்திரத்தையும் கலந்தடித்த வரைபடங்கள்தான் வைவாவில் மாட்டுகின்றன.

அடுத்து, ஸ்பின் தகவலைத் தாங்கும் ஆயுட்காலம். அப்படியே விட்டால் ஒன்று, கலைந்ததை மீட்டால் இன்னொன்று. இரண்டையும் குழப்பக் கூடாது. இண்டியம், காலியம், ஆர்செனிக் மூன்றின் அணுக்கருக்களுக்கும் ஸ்பின் உண்டு. சோமனூர் தறிக்கொட்டகை இரைச்சலுக்குள் நின்று ரகசியம் பேசுகிற கதைதான் எலக்ட்ரானுக்கு. ஓரிரு நானோ செகண்டில் கட்டம் (ஸ்பின் சுற்றும் தாளம்) கலைந்துவிடும். நடுவில் ஒரு பல்ஸால் ஸ்பின்னைத் தலைகீழாக்கி, கலைந்த கட்டத்தை மீட்கும் ஸ்பின் எக்கோ போட்டதும் 2010-ல் அதே யமமோட்டோ குழுவுக்கு 2.6 மைக்ரோ செகண்ட் கிடைத்தது. எக்கோ எண்ணை எடுத்துக்கொண்டு எக்கோவைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலை.

அந்த 2.6-ஐ 4 பைக்கோ செகண்டால் வகுத்து, ஆறு லட்சம் கேட் (ஸ்பின்னைத் திருப்பும் ஒவ்வொரு செயலும் ஒரு கேட்) என்று தடித்த எழுத்தில் போடுகிறார்கள். அடுத்த அச்சில் திருப்ப, ஸ்பின் காந்தப்புலத்தில் சுற்றிவரும்வரை காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. கேட்டில் நேரும் பிழையும் அதில் சேரவில்லை. ஒரு கேட்டுக்கு 1 சதவீதம் பிழை என்றாலே, நூறு கேட் தாண்டும்போது ஒரு பிழையும் இல்லாமல் மிஞ்ச வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான்.