எடை முள் நகராத வாரங்களில் நடைப்பயிற்சியை விடாமல் இருக்க

பலர் நடைப்பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே கைவிடுகிறார்கள். காரணம் எப்போதும் சோம்பல் அல்ல, சில சமயம் எடை மெஷின். புதிதாகப் பயிற்சி தொடங்கியதும் தசைகள் நீரைப் பிடித்துவைக்கும். முந்தைய இரவு ஊறுகாயும் அப்பளமும் உள்ளே போயிருந்தால் இன்னும் கூடும். ஒரே நாளில் 1 கிலோ ஏறி இறங்குவது சகஜம். அது கொழுப்பு அல்ல.

அதனால் காலையில் கழிப்பறை போய்வந்த பின், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஏழு நாள் எண்களின் சராசரியை மட்டும் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பையும் அளங்கள். முள் அசையாதபோதும் டேப் குறையலாம்.

முதல் வாரம் தினம் 15 நிமிடம் போதும். பிறகு தினசரி நேரத்தில் வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி, வாரம் 150 நிமிடத்தைத் தாண்டுங்கள். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ஷூவை இரவே வாசலில் வையுங்கள். மழையா? வீட்டுக்குள் படி ஏறி இறங்கலாம். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, அடுத்த நாளும் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று: 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. வரும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். மூட்டு வலி, நெஞ்சு வலி இருந்தால் முதலில் மருத்துவர்.