கைகளைப் பாருங்கள்: 'ஃபிராங்கன்ஸ்டைன்' படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. "ஃபிராங்கன்ஸ்டைன் மாதிரி நடந்து காட்டுடா" என்றேன். உடனே இரண்டு கைகளையும் நேராக முன்னால் நீட்டி, முழங்காலை மடக்காமல், தொப் தொப்பென்று கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. கார்ட்டூனில் பார்த்திருப்பான், விளம்பரத்தில் பார்த்திருப்பான். பெரியவர்களைக் கேட்டாலும் இதையேதான் செய்து காட்டுவார்கள். ஆனால் 1931-ல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்து, யுனிவர்சல் வெளியிட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு விஞ்ஞானி உயிர் கொடுக்கும் அந்த மனிதன் நடப்பது அப்படி இல்லை. அவனுடைய கைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் கனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் படத்துக்கும் அதன் தொடர்ச்சிகளுக்கும் இதுதான் சாபம். பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த படம்தானே என்று உட்காருகிறவர்கள், தெரிந்ததை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். இப்போது யாராவது இந்தப் படங்களைப் பார்க்கப் போகிறேன் என்றால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்கிறேன்: முகத்தை விடுங்கள், கைகளைப் பாருங்கள். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளில் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

அந்த நீட்டிய கைகள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்தே தொடங்கலாம். 1942-ல் வந்த நான்காவது படம் 'தி கோஸ்ட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. அதன் முடிவில் இகோர் என்ற வஞ்சகனின் மூளையை அந்த உடலில் வைத்துவிடுகிறார்கள். ரத்த வகை ஒத்துப்போகாமல் பார்வை போய்விடுகிறது. அடுத்த வருடம் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி வுல்ஃப் மேன்' படத்தில் அந்த வேடத்தை ஏற்றவர் பேலா லுகோசி. இகோராக நடித்தவரும் அவர்தான். கதைப்படி அவனுக்குப் பேச்சு உண்டு, பார்வை கிடையாது. லுகோசியும் பார்வை இல்லாத ஒருவர் தடவித் தடவி நடப்பதுபோலவே நடித்தார். வெளியிடும் முன் அவருடைய வசனம் முழுவதையும் ஸ்டுடியோ வெட்டிவிட்டது. பார்வை இல்லை என்று சொல்லும் இடங்களும் சேர்ந்து போயின. மிஞ்சியது நீட்டிய கைகள் மட்டும். ஏன் இப்படி நடக்கிறான் என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. உலகம் முழுக்கக் குழந்தைகள் நடித்துக் காட்டுவது, காரணம் வெட்டப்பட்ட அந்தத் தடுமாற்றத்தைத்தான். எனக்கு இது தெரிந்த நாளில் லுகோசிக்காக மனசு கனத்துப்போனது. அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பெயர் விஷயம் எல்லோரும் திருத்துகிற தவறு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது விஞ்ஞானியின் பெயர், படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. முதல் படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அந்தப் பாத்திரத்துக்கு நேரே நடிகர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். கார்லாஃபின் பெயர் கடைசியில்தான் வரும். ஆனால் இதை ரொம்பக் கறாராகத் திருத்த வேண்டியதில்லை. இந்தப் படங்களே அந்தக் குழப்பத்தை அறிந்தவை. மூன்றாவது படமான 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1939) தொடங்கியதும் ஒரு ரயில் காட்சி வரும். பத்தில் ஒன்பது பேர் தன் தந்தை உருவாக்கிய அந்தக் கோர உருவத்தைத் தங்கள் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று விஞ்ஞானியின் மகன் குறைபட்டுக்கொண்டிருப்பார். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்னே ரயில் ஊழியர் அந்தப் பெயரைக் கூவுவார். அதுதான் அடுத்த ஸ்டேஷன்!

தமிழில் எழுதும்போது நாம் செய்கிற பெரிய தவறு பெயரில் இல்லை, திணையில் இருக்கிறது. "அது வந்தது, அது கொன்றது" என்று அஃறிணையில் எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் விஞ்ஞானி "இட்ஸ் அலைவ்" என்று அப்படித்தான் கத்துகிறார், சரி. ஆனால் தமிழில் அவர் கத்துவது "உயிர் வந்துவிட்டது" என்றுதான் இருக்கும். அங்கே 'அது' என்ற சொல்லே தேவைப்படாது. அவன் முதன்முதலாகத் திரையில் வரும் இடத்தைப் பாருங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக வருகிறான், மெல்லத் திரும்புகிறான். காமிரா இரண்டு தாவலில் முகத்துக்கு நெருங்கிவிடுகிறது. எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது இதுவரைதான். அதற்கு அடுத்ததுதான் முக்கியம். ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் கூரைக் கதவைத் திறக்கிறார், வெளிச்சம் விழுகிறது. அவன் அண்ணாந்து பார்க்கிறான். இரண்டு கைகளையும் மேலே தூக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். கதவை மூடியதும், உள்ளங்கைகளை விரித்து ஹென்றியிடம் கேட்கிறான். வார்த்தை இல்லை, ஒரு முனகல்தான். இதைப் பார்த்த பிறகு 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் உதவியாளர் தீப்பந்தத்தோடு ஓடி வருவார். அந்தக் கூனல் முதுகு உதவியாளரை இகோர் என்று சொல்வதும் வழக்கமான பிழை. முதல் படத்தில் அவர் பெயர் ஃபிரிட்ஸ், நடித்தவர் டுவைட் ஃபிரை. இகோர் மூன்றாவது படத்தில்தான் வருகிறார். அவர் கூனரும் அல்ல, உதவியாளரும் அல்ல. தூக்கிலிட்டும் சாகாமல் கழுத்தெலும்பு முறிந்து கோணிப்போன ஒரு மனிதர்.

இனி மூளை. ஃபிரிட்ஸ் மருத்துவக் கல்லூரியில் நல்ல மூளை இருக்கும் ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறார். உடனே நாம் முடிவு கட்டிவிடுகிறோம்: ஓ, அதனால்தான் இவன் கொலைகாரன். இந்தத் தொடரிலேயே நம்மை அதிகம் ஏமாற்றுவது அந்த ஜாடிதான் என்பது என் எண்ணம். அவன் முதலில் கொல்வது, தன்னைத் தீப்பந்தத்தால் சீண்டிக்கொண்டே இருந்த ஃபிரிட்ஸை. இரண்டாவதாகக் கொல்வது, தன்னை உடல் வேறு உறுப்பு வேறாகப் பிரிக்க மேசையில் கிடத்திய டாக்டரை. குற்றவாளி மூளையின் வேலை எங்கேயும் கண்ணில் படவில்லை. பின்னால் வந்த படங்கள் அந்த ஜாடியை நம்பி, மூளையை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று புறப்பட்டன. நாமும் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

அடுத்தது ஏரிக்கரைக் காட்சி. இங்கே தவறு நம்முடையது மட்டுமல்ல, நம் கைக்கு வரும் பிரதியுடையதும்கூட. நான் முதலில் பார்த்தது எங்கிருந்தோ பதிவு செய்த ஒரு பழைய பிரதி. அதில் மரியா என்ற சிறுமி அவனோடு விளையாடுகிறாள், அவன் அவளை நோக்கிக் கைகளை நீட்டுகிறான், அவ்வளவுதான், காட்சி வெட்டு. பிறகு அவளுடைய அப்பா இறந்த மகளைக் கைகளில் தூக்கிக்கொண்டு, கல்யாணக் கொண்டாட்டத்தில் இருக்கும் ஊருக்குள் நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று மனசு தானாக நிரப்பிக்கொள்கிறது. அது போகிற இடம் மிக மோசமானது. நானும் அப்படித்தான் நினைத்து, பல வருடம் அவனை வெறுத்தேன்.

முழுக் காட்சி இப்படி. மரியா அவனைப் பார்த்துப் பயப்படுவதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கரையில் உட்கார வைக்கிறாள். பூக்களில் பாதியை அவனிடம் கொடுக்கிறாள். அவன் முகர்ந்து பார்க்கிறான், சிரிக்கிறான். அந்தப் படத்தில் அவன் சிரிக்கும் இடம் இதுதான். அவள் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் போட, படகுபோல மிதக்கிறது. அவனும் போடுகிறான், மிதக்கிறது. பூ தீர்ந்துவிடுகிறது. தன் வெறுங்கைகளைப் பார்க்கிறான். அப்புறம் அவளைப் பார்க்கிறான். அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறான். அவள் மூழ்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல், கைகள் நடுங்கத் தடுமாறி ஓடுகிறான்.

குழந்தை நீரில் விழுவது கொடூரமாக இருக்கிறது என்று 1930-களின் மறுவெளியீட்டில் தணிக்கைக்காக வெட்டினார்கள். வெட்டியதால் அது இன்னும் கொடூரமாகிவிட்டது. 1980-களில்தான் அந்தத் துண்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆகவே எந்தப் பிரதியில் பார்த்தாலும் முதலில் இந்த இடத்தைச் சரிபாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. உயிர் வந்ததும், கடவுளாக இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது என ஹென்றி கத்துவார். வெட்டுப்பட்ட பிரதிகளில் அந்த வரியின் மேல் ஓர் இடிச்சத்தத்தைப் போட்டு அமுக்கியிருப்பார்கள். வசனம் தெளிவாகக் கேட்டால் நல்ல பிரதி.

சத்தம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் பின்னணி இசை கிடையாது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கொஞ்சம் வரும். பேசும் படங்கள் வந்த புதிது, அப்போது வழக்கம் அப்படி. பிரதியில் கோளாறு என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வேறு வேலை செய்தால் அந்த அமைதி அலுப்பாகத்தான் இருக்கும். ஒரு மணி பத்து நிமிடப் படம்தான், விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதுகுத்தண்டு சில்லிடுகிற மாதிரி ஒரு பயம் வரும் என்று எதிர்பார்த்தும் உட்காராதீர்கள், வராது. படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடவும் கூடாது. ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் செய்த ஒப்பனையின் அந்த உயர்ந்த, தட்டையான மண்டை சப்பிப்போய்விடும். வண்ணம் ஏற்றிய பிரதி வேண்டவே வேண்டாம். பச்சைத் தோல் என்பது ஒப்பனைப் பூச்சின் நிறம், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பிணத்தின் வெளிறிய சாயல் வருவதற்காகப் பூசியது. திரையில் அவன் ஒருநாளும் பச்சையாக இருந்ததில்லை. கழுத்தில் இருப்பவையும் திருகாணிகள் அல்ல, மின்சாரம் செலுத்தும் முனைகள்.

மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட நாவலைப் படித்தவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். நாவலில் அவன் பக்கம் பக்கமாகப் பேசுவான், ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்திருப்பான். படத்தில் முனகுகிறான். நாவலில் விஞ்ஞானியின் பெயர் விக்டர், நண்பர் ஹென்றி. படத்தில் அப்படியே தலைகீழ். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பிழை கண்டுபிடித்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

தொடர்ச்சிகளில் 1935-ல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' முதல் படத்தைவிடச் சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணமகள் எப்போது வருவாள் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். கடைசிச் சில நிமிடங்கள்தான் வருகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் மேரி ஷெல்லி கதை சொல்லும் முன்னுரைக் காட்சியை ஓட்டிவிடாதீர்கள். மேரியாக வரும் எல்சா லான்செஸ்டர்தான் கடைசியில் மணமகளாகவும் வருகிறார். அவனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் படத்தின் முடிவில் வந்த காற்றாலைத் தீயில் முடி கருகியிருக்கும், தோலில் வெந்த தழும்பு. கன்னம் சற்று நிறைந்திருக்கும். முதல் படத்தில் கார்லாஃப் தன் பொய்ப்பல் வரிசையைக் கழற்றிக் கன்னத்தை ஒட்ட வைத்திருந்தார். இதில் பேச வேண்டியிருந்ததால் அதைக் கழற்ற முடியவில்லை. அவன் பேசுவது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். பார்வையற்ற துறவி ரொட்டியும் மதுவும் கொடுத்து 'நண்பன்' என்ற சொல்லைக் கற்றுத் தருகிற காட்சிக்காகவே பிடிக்கும். மணமகளின் கையை எடுத்து அவன் மெதுவாகத் தட்டிக்கொடுக்கும் இடத்தையும் தவற விடாதீர்கள்.

மூன்றாவது படத்தில் அவன் மறுபடி ஊமை. ஏன் என்று படம் சொல்லாது. இந்தத் தொடரில் இப்படி ஒட்டாத இடங்கள் நிறைய, அவற்றை எண்ணிக்கொண்டிருப்பது வீண். சின்ன வயதில் அவனால் கை பிய்த்தெறியப்பட்ட இன்ஸ்பெக்டர் கிராக், மரக்கையோடு விறைத்து நிற்பதைப் பாருங்கள். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பக்கத்தில் மகன் ஃபிராங்கன்ஸ்டைனின் முகத்தையும் இழுத்து வைத்து அவன் ஒப்பிடுவதைப் பாருங்கள். ஒரு சிறுவனைக் கொல்லத் தூக்கிப்போய், கொல்ல முடியாமல் நிற்பதையும் பாருங்கள். ஏரிக்கரை ஞாபகம் வரும்.

கார்லாஃப் அந்த வேடத்தின் பூட்சைப் போட்டு நடித்த கடைசித் தொடர்ச்சி அதுதான். நான்காவதில் லான் சேனி ஜூனியர், ஐந்தாவதில் லுகோசி, பிறகு கிளென் ஸ்ட்ரேஞ்ச். கார்லாஃப் இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் 1944-ன் 'ஹவுஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை இழக்கிறார்கள். அதில் அவர் பைத்தியக்கார விஞ்ஞானியாக வருகிறார். படப்பிடிப்பில், அந்த வேடத்துக்குப் புதிதாக வந்த ஸ்ட்ரேஞ்சுக்கு எப்படி நடப்பது, எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே.