கிராஸ் கன்ட்ரி இறக்கம் பயமுறுத்துகிறதா? டவுன்ஹில் சரிவில் பழகுங்கள்

கால்களில் நீளமான ஸ்கீ பலகைகளை மாட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமான பனிவெளியில் நம் பலத்தாலேயே சறுக்கிப் போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் ஏற்றத்தையும் சமதளத்தையும் நன்றாகப் பழகியவர்கள்கூட இறக்கத்தைக் கண்டால் ஸ்கீயைக் கழற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பழக வாய்ப்புக் குறைவு என்பதே காரணம். மூச்சுவாங்க ஏறிய பிறகு, களைத்த கால்களோடு சில நொடிகள் மட்டுமே இறங்குகிறோம். இறங்கிச் சறுக்குவதற்கென்றே உள்ள டவுன்ஹில் சரிவிலோ லிஃப்ட் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இறங்குவது ஒன்றே வேலை. எனக்கு வளைவுகள் பிடிபட்டது அங்கேதான்.

ஸ்கீ மாட்டவும், விழுந்தால் எழவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்னோப்ளோ. நுனிகளை நெருக்கி, பின்பகுதியை அகட்டுங்கள். வலது காலில் எடையைக் கூட்டினால் இடப்பக்கம் திரும்பும். கிராஸ் கன்ட்ரியிலும் இதே விதிதான்.

படி 2: பக்கவாட்டு வழுக்கல். சரிவுக்குக் குறுக்கே நில்லுங்கள். முழங்கால்களை மேட்டுப்பக்கம் சாய்த்தால் விளிம்பு பனியைப் பிடிக்கும்; தளர்த்தினால் வழுக்கும். பிடிப்பதும் விடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

படி 3: பூட்ஸை நம்பாமல் நிற்பது. இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். டவுன்ஹில் பூட்ஸ் விறைப்பானது. குதிகாலும் ஸ்கீயோடு பூட்டியிருக்கும். கணுக்காலுக்கு மேல் முன்பக்கம் சாய்ந்தாலும் பூட்ஸ் தாங்கிக்கொள்ளும். கிராஸ் கன்ட்ரியில் கால்விரல் பகுதி மட்டுமே ஸ்கீயோடு இணைந்திருக்கும். அதே அளவு சாய்ந்தால் குதிகால் எழும்பி முகம்குப்புற விழுவோம். பயந்து பின்னால் சாய்ந்தால் ஸ்கீ முன்னால் ஓடிவிடும்.

அதனால் கூட்டமில்லாத, மிக எளிதான சரிவில் பூட்ஸின் மேல் பக்கிள்களை மட்டும் தளர்த்திக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். கீழ் பக்கிள்கள் இறுக்கமாகவே இருக்கட்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் லேசாக மடங்கி, எடை பாதம் முழுவதும் பரவ வேண்டும். பூட்ஸை நம்பாமல் நிற்க வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 4: அடி வைத்துத் திரும்புதல். சரிவின் அடிவாரத்தில் வேகம் குறையும்போது வெளிப்பக்க ஸ்கீயில் எடையைப் போட்டு, உள்பக்க ஸ்கீயைத் தூக்கிப் போக வேண்டிய திசையில் வையுங்கள். சின்னச் சின்ன அடிகள் போதும். கிராஸ் கன்ட்ரி வளைவுகளில் அதிகம் கைகொடுப்பது இதுதான்.

டவுன்ஹில் சாமான்களை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். குட்டையான ஸ்கீ, மென்மையான பூட்ஸ் கேளுங்கள்.

பிறகு கிராஸ் கன்ட்ரி தடத்துக்குத் திரும்பும்போது கோல்கள் நீளமானவை என்பதை மறக்காதீர்கள். கைகள் முன்னால், கோல் நுனிகள் பின்னால். இறக்கம் தொடங்கும் முன்பே ஒரு ஸ்கீயை, பனியில் பதித்திருக்கும் தடப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்து, அதை மட்டும் ஸ்னோப்ளோ போலச் சாய்த்து வைத்தால் வேகம் கட்டுப்படும்.

பிற்சேர்க்கை: “டவுன்ஹில்லில் ஸ்கீயைச் சாய்த்தாலே வளைகிறது, கிராஸ் கன்ட்ரியில் நேராகப் போகிறதே?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். டவுன்ஹில் ஸ்கீயின் நடுப்பகுதி ஒடுங்கி, இரு முனைகளும் அகன்றிருக்கும். அந்த வடிவமே வளைத்துவிடுகிறது. தடத்தில் ஓட்டும் ஸ்கீ கிட்டத்தட்ட நேரானது, பெரும்பாலும் 44 மி.மீ. அகலம்தான், உலோக விளிம்பும் கிடையாது. சாய்த்துவிட்டுக் காத்திருக்காமல் ஸ்னோப்ளோவையோ நான்காம் படியையோ பயன்படுத்துங்கள். தடமில்லாத மலைப்பாதைகளுக்கு மட்டும் உலோக விளிம்புள்ள அகலமான ஸ்கீ எடுங்கள். அங்கே இரண்டாம் படி அப்படியே கைகொடுக்கும்.