பறக்கும் தூரமும் நேரமும்: தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால், ஒரு தளம் ஊர் நடுவிலிருந்து அளந்து சொல்லும், இன்னொன்று சாலைத் தூரத்தைக் காட்டும். எனக்கு அந்த வம்பே வேண்டாம். தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு நானே போட்டுவிடுவேன்.

முதலில் விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுங்கள். ஊருடையது உதவாது; ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கும் விமான நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைத் தேடினால் சரியான இடம் கிடைக்கும்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் அங்கே மட்டும் 60ஐ, இரு இடங்களின் சராசரி அட்சரேகைக்கான கோசைனால் பெருக்க வேண்டும்.

ஒரு நிலையம் 10 டிகிரி வடக்கு, மற்றது 14 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை வித்தியாசம் 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வடக்குத் தெற்காக 240 கடல் மைல். கிழக்கு மேற்காக 180ஐ 0.978ஆல் பெருக்கினால் 176. இனி பிதாகரஸ்தான்: சுமார் 298 கடல் மைல், அதாவது 551 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டர் வரை இந்த முறை தாராளமாகப் போதும். அதற்கு மேல் பூமியின் வளைவைச் சேர்த்துக் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, நேரம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப், அதாவது காற்றாடி விமானம், மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 830 அளவில். வெறுமனே வகுத்தால் முதலாவதுக்கு 66 நிமிடம், இரண்டாவதுக்கு 40. ஆனால் எந்த விமானமும் ரன்வேயிலிருந்து நேர்கோட்டில் முழு வேகத்தோடு கிளம்புவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, காற்று வீசும் திசைக்கு ஏற்ற ரன்வேக்காகச் சுற்றி வரவேண்டும், பாதையும் கொஞ்சம் வளையும். இதற்காக நான் டர்போபிராப்புக்கு 15 நிமிடமும் ஜெட்டுக்கு 20 நிமிடமும் சேர்ப்பேன். அப்புறம் தரையில் ஊர்ந்து போக, வர இன்னொரு 15. ஆக மொத்தம் 96, 75 நிமிடம். பாருங்கள், அவ்வளவு வேகமான ஜெட்டுக்குக் கிடைத்த லாபம் 21 நிமிடம்தான். குறுகிய தூரத்தில் ‘ஜெட்டா, காற்றாடி விமானமா’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். புறப்படும் நேரம் தோதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

எதிர்க்காற்றையும் மறக்க வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் அந்த டர்போபிராப்புக்கு 7 நிமிடம் கூடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 6 நிமிடம்தான் குறையும். போக வர ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி மறுபடி நிற்பது வரைக்குமானது. புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நேர மண்டலம் மாறினால் இரண்டையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். உங்கள் விடையை விட டிக்கெட்டில் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் கணக்கில் பிழை தேட வேண்டாம். தாமதத்தை விழுங்கிக்கொள்ள நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பார்கள்.