கொந்தளிக்கும் கடல், வாய் பிளந்த முதலை: தள்ளி நின்று படமெடுப்பது எப்படி

மார்கழி வாடையில் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடலைப் படமெடுத்து வருபவர்கள் பலருக்கும் இரண்டு மனக்குறை இருக்கும். நேரில் நெஞ்சைப் படபடக்க வைத்த அலை, படத்தில் முழங்கால் உயரத்துக்குத்தான் தெரியும். நுரையோ ஒரு விவரமும் இல்லாத வெள்ளைத் திட்டாகக் கிடக்கும். இந்த இரண்டையும் எப்படிச் சரி செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. முதலைக்கும் பாம்புக்கும் இதே கணக்குத்தான் என்பதால் அவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கையால் மாற்றத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தக் கரை, எந்த நேரம்

ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்று. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை எல்லாம் வடக்கே பாக்கு நீரிணையைப் பார்த்த கரைகள். அங்கே கடல் ஆழம் குறைவு. அதனால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முருகைக்கல்லில் மோதி மேலே தெறிக்கும். மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் பக்கம் வங்காள விரிகுடாவை நேராகப் பார்த்தது. அங்கே அலை இடைவெளி விட்டு, கனத்து வரும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. மார்கழியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். பருத்தித்துறையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம். அலைக்குப் பின்னாலிருந்து ஒளி வரவே வராது. காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும், அவ்வளவுதான். மணற்காட்டில் விடியற்காலையில் சூரியன் கடலுக்கு மேலே எழும். அலை வளைந்து உடையும் அந்த நொடியில் வெளிச்சம் தண்ணீரை ஊடுருவி, விளிம்பு பச்சைக் கண்ணாடி போல ஒளிரும். எனக்குப் பிடித்த இடம் மணற்காடுதான். முதன்முதலாகப் போகிறவர்களையும் அங்கேதான் போகச் சொல்வேன்.

வைகாசி முதல் சோழகம் (தென்மேல் பருவக்காற்று) அடிக்கும் காலத்தில் இந்தக் கரைகள் அடங்கிவிடும். அப்போது தீவுப்பக்கம் பாருங்கள்.

படி 2: எங்கே நிற்பது

கமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். சில சிறியவை, பிறகு இரண்டு மூன்று பெரியவை, பிறகு ஓய்வு. ஓய்வு நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும் பாறை, அடுத்த கூட்டத்தில் முழுதாக மூழ்கும். பாசி பிடித்த கல்லும் ஈரமான கல்லும் கடலுக்குச் சொந்தமானவை. அவற்றில் கால் வைக்கவே வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். கண் கமராவில் இருக்கும்போது பக்கத்தில் வருவது தெரியாது. உங்களுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். கரையில் கடற்றொழிலாளர்கள் இருந்தால், "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேளுங்கள். அவர்கள் வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே இழுத்துக் கட்டியிருந்தால் அதுவே பதில். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளர்களுக்கு எச்சரிக்கை விடுத்த நாளில் கரைக்கே போகாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள். கரையோரத்தில் கடற்படை முகாம் இருக்கும் இடங்களில் அனுமதி கேட்காமல் கமராவைத் தூக்கக் கூடாது. ட்ரோனுக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

படி 3: அலையைப் பெரிதாகக் காட்டுவது

அலையின் உச்சி அடிவானக் கோட்டுக்கு மேலே எழுந்தால்தான் பார்ப்பவருக்குப் பயம் வரும். அந்த உச்சி உங்கள் கண் மட்டத்தைவிட உயரமாக இருந்தால் மட்டுமே அப்படித் தெரியும். மணல் மேட்டில் ஏறி நின்று எடுத்தால், எவ்வளவு பெரிய அலையும் அடிவானத்துக்குக் கீழே அடங்கிப் படுத்துவிடும். பாதுகாப்பு மேலே நிற்கச் சொல்கிறது, படமோ கீழே இறங்கச் சொல்கிறது. இதற்கு ஒரே வழி, பின்னால் போய்ப் பிறகு தாழ்வது. அலை ஏறி வரும் எல்லையிலிருந்து நன்றாக விலகி, மணலில் குந்தி, நீளமான லென்ஸால் எடுங்கள்.

கூடவே படச்சட்டத்துக்குள் அளவு சொல்லும் ஒரு பொருள் வேண்டும். நங்கூரமிட்ட வள்ளம், அலைதடுப்புக் கல், மரக்கம்பம், எதுவானாலும் சரி. தூரத்திலிருந்து எடுக்கும்போது வள்ளத்துக்கும் பின்னால் எழும் அலைக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கித் தெரியும். அலை வள்ளத்தின் மேல் கவிவது போல இருக்கும். 18 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிட்டப் போனால் இதற்கு நேர்மாறு. உங்கள் உயிருக்கும் ஆபத்து, அலையும் சிறுத்துவிடும்.

ஆகவே 70–300 மி.மீ. சூம் ஒன்று போதும். பழையதாகவே வாங்கலாம். பெரிய 600 மி.மீ. லென்ஸ்கள் வாடைக்காற்றில் ஆடும், தூக்கித் திரிவதும் கஷ்டம். முக்காலியை அகலமாக விரித்து, நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்கவிடுங்கள்.

படி 4: நுரையின் வெள்ளையைக் காப்பாற்றுவது

மற்றப் படிகளில் ஒன்றிரண்டை விட்டாலும் படம் தேறும். இதை விட்டால் தேறாது.

கமராவின் ஒளிமானிக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கவே பார்க்கும். சட்டம் முழுக்க நுரை நிறைந்திருந்தால், அதைச் சாம்பலாக்க எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நுரை அழுக்காகத் தெரியும். கறுத்த வானமும் கறுத்த கடலும் பெரும் பகுதியை அடைத்து, நுரை ஒரு மூலையில் மட்டும் இருந்தால், இருட்டைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும். அப்போது நுரை எரிந்துபோகும், அதாவது விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிடும். "வெள்ளை என்றால் வெளிச்சத்தைக் கூட்டு" என்ற பொதுவான அறிவுரை முதல் வகைக்குத்தான் பொருந்தும். மாரிக்கடலில் நாம் எடுப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஒரே இடத்தில் நின்றாலும், அலை உடையும் முன் இரண்டாம் வகை, உடைந்த பின் முதல் வகை. தானியங்கி முறையில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும். அதனால் மனுவல்.

செய்ய வேண்டியது இதுதான். கமரா மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை இயக்குங்கள். எரிந்த இடங்கள் திரையில் கறுப்பு வெள்ளையாகச் சிமிட்டும். ஒரு பெரிய அலை நன்றாக உடையும்போது எடுங்கள். நுரையில் பரவலாகச் சிமிட்டினால் ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டொப் வேகமாக்கி அடுத்த பெரிய அலையில் மறுபடி எடுங்கள். தெறிக்கும் ஓரிரு துளிகளில் மட்டும் சிமிட்டும் நிலைக்கு வந்ததும் நிறுத்துங்கள். சிறிய அலையில் சோதித்து அமைத்தால் பெரியது வரும்போது ஏமாற்றும். முகில் விலகினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

ரா (RAW) கோப்பாகவே எடுங்கள். திரையில் கடல் இருட்டாகத் தெரிந்தால் கலங்காதீர்கள். இருட்டிலிருந்து விவரத்தைக் கணினியில் மீட்கலாம். எரிந்த வெள்ளையில் மீட்க ஒன்றுமே இராது.

படி 5: ஷட்டர்

துளிகள் அந்தரத்தில் உறைந்து நிற்க 1/1000 அல்லது அதைவிட வேகம். வடியும் நுரை கோடுகளாக இழுபட 1/4 முதல் 1/2 வினாடி. இடைப்பட்ட 1/60 பக்கம் போகாதீர்கள். அது குலுங்கிய படம் போலவே இருக்கும். மாரிக்கால வெளிச்சத்தில் 1/1000 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 800, 1600 வரை போகத்தான் வேண்டும். கொஞ்சம் துகள் தெரிவது கொந்தளிக்கும் கடலுக்குக் குறையில்லை. பல வினாடி திறந்து வைத்துக் கடலைப் பஞ்சு மூட்டமாக்கும் படங்கள் எனக்குப் பிடிக்காது. கடலின் கோபத்தையே அவை அழித்துவிடுகின்றன.

படி 6: உப்பு

லென்ஸின் முன் ஒரு யூவி வடிகட்டி போடுங்கள். மற்ற இடங்களில் அது தேவையில்லை என்று சொல்பவன் நான், கடற்கரையில் மட்டும் கட்டாயம். கமராவைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் வளையம் போட்டால் போதும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறிவிடும். முக்காலியின் கால்களை இழுத்து நீட்டிக் கழுவுங்கள்.

படி 7: முதலை

இலங்கையில் இரண்டு இனம் உண்டு: குளங்களில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகங்களை விரும்பும் உவர்நீர் முதலை. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்ட உள்ள இடம் என்றால் சுண்டிக்குளம். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவானது. பறவைக்காகப் போகிறவர்களே அதிகம், ஆனால் நீர்க்கரையில் கண்ணை வைத்திருங்கள்.

காலை வெயிலில் முதலை வாயைத் திறந்து கிடப்பது தாக்குவதற்கல்ல, உடல் வெப்பத்தைச் சீராக்க. அந்த நேரம்தான் படத்துக்கு நல்லது. வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். நீர் விளிம்புக்கு ஒருபோதும் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் முதலையைவிடத் தண்ணீருக்குள் கிடப்பதுதான் ஆபத்து. கமராவை வாகனத்தின் ஜன்னல் விளிம்பில் அரிசிப் பையின் மேல் வையுங்கள். ஒற்றைக் குவியப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். பல்லில் வைத்தால் கண் மங்கிவிடும், கண் மங்கிய முதலை கட்டை போலத்தான் இருக்கும். இங்கே நுரைக்குப் பதில் மினுங்கும் தண்ணீர் எரியும், 4 ஆம் படியை அப்படியே செய்யுங்கள்.

படி 8: பாம்பு

தேடிப் போகாதீர்கள். எதிர்ப்பட்டால் மட்டும். நாகம் படமெடுத்து நிற்பதும், கண்ணாடிப் புடையன் சீறுவதும், சுருட்டை செதில்களை உரசி ஒலி எழுப்புவதும் "விலகு" என்ற எச்சரிக்கை. அந்தக் கணத்தில் இன்னும் கிட்டப் போவது மடமை. போன் கமராவும் 100 மி.மீ. மக்ரோ லென்ஸும் உங்களை முகத்துக்கு முகம் கொண்டுபோய் விடும். அதே 70–300 போதும். பாம்பின் நீளத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். பாம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கிக் காட்டச் சொல்லி எடுக்கும் படங்களை நான் பார்ப்பதும் இல்லை, பகிர்வதும் இல்லை.

கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், அசையாமல் இருந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

படி 9: படத்திலிருந்து ஓவியம்

எடுத்த படத்தைப் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டுபவர்களுக்கு: வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். அதனால் கமராவுக்குச் சொன்னதே இங்கும்: எதைத் தீட்டக் கூடாது என்பதை முதலில் பென்சிலால் குறியுங்கள். ஆனால் நுரை முழுவதையும் விட்டுவைக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நுரையின் பெரும்பகுதி நீலம் கலந்த சாம்பல். வெளிச்சம் நேராக விழும் இடங்களை மட்டும் விடுங்கள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசும் மறைப்புத் திரவம் விளிம்புகளைக் கத்தியால் வெட்டியது போல ஆக்கிவிடும், எனக்கு வேண்டாம். சொரசொரப்பான, தடித்த (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தாளில், ஈரம் குறைந்த தூரிகையைப் படுக்க வைத்து இழுத்தால் தெறிப்புத் தானாக வரும். பள்ளிக்கூட வரைதல் தாள் நனைந்ததும் சுருண்டுவிடும்.

பிற்சேர்க்கை

போனில் முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கடலுக்கு முடியும். நுரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். அது 4 ஆம் படியின் வேலையைச் செய்துவிடும். முதலைக்கும் பாம்புக்கும் போன் வேண்டாம்.

தூவானத்தில் தானியங்கிக் குவியம் அங்கும் இங்கும் ஓடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அலை உடையும் கல்லிலோ வள்ளத்திலோ ஒருமுறை குவித்துவிட்டு, லென்ஸ் பக்கத்திலுள்ள பொத்தானை எம்எஃப் (MF, கையால் குவிப்பது) பக்கம் தள்ளிவிடுங்கள். சூமை மாற்றினால் மறுபடி குவிக்க வேண்டும்.