கக்கேத்தியில் ஒயின் பயணம்: ஒரு நாளில் இரண்டு இடம் போதும்

ஜார்ஜியாவின் கிழக்கே இருக்கும் கக்கேத்திக்குப் போகிறவர்கள் பலரும் காலையில் திபிலீசியில் வேன் ஏறி, ஐந்து ஒயின் ஆலைகளில் தலைகாட்டிவிட்டு இரவே திரும்பிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலையில் ஆறு வகை, வகைக்கு 50 மி.லி. என்றால் 300 மி.லி. ஆயிற்று. மூன்றாவது ஆலை முடியும்போது 900 மி.லி.; முழு பாட்டிலே 750 மி.லி.தான். அதற்கு மேல் ஊற்றுவது ஒயினா வினிகரா என்று நாக்குக்குத் தெரியாது. முற்பகலில் ஒரு பெரிய ஆலை, மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஒரு குடும்பத்தின் சிறு நிலவறை, சாப்பாடும் அங்கேயே. கக்கேத்திக்கு ஒத்துவரும் திட்டம் இதுதான்.

தங்குவதற்குத் தெலாவி ஊர். சிக்னாகியின் மதில்சுவரும் கல் பாவிய தெருவும் அழகுதான். ஆனால் அந்த ஊர் கக்கேத்தியின் ஓரத்தில் இருக்கிறது, தெலாவியிலிருந்து சுமார் 60 கி.மீ. தெலாவியில் இருந்தால் சினந்தாலி கிராமம் 10 கி.மீ., அலாவெர்தி மடாலயமும் நபரெயுலியும் 20 கி.மீ. சுற்றளவில், க்வாரெலி அதைவிடக் கொஞ்சம் தள்ளி. திபிலீசியிலிருந்து கொம்போரி கணவாய் வழியாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கணவாய் 1,600 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்காலத்தில் பனி விழும். அப்போது சுற்றிப் போகும் குர்ஜானி சாலைதான் பத்திரம். இலையுதிர்காலத்தில் துஷேத்தி மலையிலிருந்து மேய்ப்பர்கள் மந்தைகளைச் சமவெளிக்கு இறக்குவார்கள். ஆட்டுக்கூட்டம் சாலையை அடைத்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை, எனவே அரை மணி கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். ஓட்டுநரின் ரத்தத்தில் இருக்கக்கூடிய மது அளவுக்கு அங்கே வரம்பு மிகக் குறைவு: லிட்டருக்கு 0.3 கிராம். தெலாவியிலேயே ஒரு நாள் வாடகைக்கு டிரைவரோடு கார் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரமும் சேர்த்துத்தான் கூலி என்பதை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எப்போது போவது? செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை திராட்சை அறுவடை, 'ர்த்வெலி' என்பார்கள். பார்க்கக் கொண்டாட்டம். ஆனால் ஒயின் செய்பவருக்கு அப்போது தலை சொறியவும் நேரம் இருக்காது. அறுவடையில் கைகொடுக்க ஆசையென்றால் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுங்கள். பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். சபெராவி திராட்சைக்குச் சதையும் சிவப்பு, அதன் கறை லேசில் போகாது. உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்கள்தான் சரி. மண்ணில் புதைத்த ஒயின் தாழிகளைத் திறந்து புது ஒயினை எடுக்கும் காலம் அது. அவர்களுக்கும் ஓய்வு இருக்கும்.

இரண்டு நாள் முன்னதாகவே போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சாப்பாடு உண்டா, சைவம் யார். 'ம்த்ஸ்வாதி' என்ற சுட்ட இறைச்சிக்குக் காய்ந்த திராட்சைக் கொடியை எரித்துத் தணல் போடுவார்கள். குச்சித் தணல் சீக்கிரம் அடங்கிவிடும். நீங்கள் ஒரு மணி நேரம் தாமதித்தால், ஒன்று கறி ஆறியிருக்கும், இல்லை மறுபடி தீ மூட்ட வேண்டும்.

முதலில் பெரியது, பிறகு சிறியது

பெரிய ஆலையில் செய்முறையைப் புரிந்துகொள்ளலாம். நபரெயுலியில் 'ட்வின்ஸ்' ஒயின் இல்லத்தில் தாழிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. க்வாரெலியில் ஹரேபா நிறுவனத்தின் ஒயின் கிடங்கு, மலையைக் குடைந்த சுமார் 7.7 கி.மீ. நீளச் சுரங்கங்களில் இருக்கிறது; உள்ளே எப்போதும் 12 முதல் 14 டிகிரி, கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

விஷயம் இருப்பது மரானி எனப்படும் வீட்டு நிலவறையில். உள்ளே போனால் தரையில் வட்ட வாய்கள் மட்டும் தெரியும். கீழே கழுத்துவரை புதைந்திருப்பவை க்வெவ்ரி என்ற மண் தாழிகள். பல நூறு லிட்டரிலிருந்து இரண்டாயிரம் லிட்டர்வரை பிடிக்கும். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். கக்கேத்தி முறையில் சாறோடு தோல், விதை, முற்றிய காம்பு எல்லாம் உள்ளே போகும். நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து கட்டியாகும். அதை ஒரு நாளைக்குப் பல முறை கோலால் அழுத்திவிட வேண்டும். விட்டால் மேல் படலம் காய்ந்து காற்றுப் பட்டுப் புளித்துவிடும். நொதித்து அடங்கியதும் விளிம்புவரை நிரப்பி, மூடி, களிமண்ணால் அடைத்து ஐந்தாறு மாதம் விடுவார்கள். தாழியின் அடி கூர்மையாக இருப்பதால் விதைகள் அங்கே போய்ச் சேரும், மேலே தோல் படிந்து மூடும். ஒயினில் விதைக் கசப்பு அதிகம் இறங்காததற்குக் காரணம் அந்த வடிவம்தான். இந்தப் பாரம்பரிய முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தோலோடு எத்தனை மாதம்? காம்பு சேர்த்தீர்களா? தாழியை எப்படிக் கழுவுகிறீர்கள்? மூன்றாவதற்கு வரும் பதிலில் ஆளின் தரம் தெரிந்துவிடும். மண்ணில் நுண்துளைகள் உண்டு. மெழுகு விட்டுப்போன இடத்தில் கிருமி குடியேறினால் அடுத்த ஆண்டு ஒயினும் கெடும். செர்ரி மரப்பட்டையால் செய்த தேய்ப்பானை நீண்ட கோலில் கட்டிச் சுரண்டித் தேய்ப்பது வழக்கம். காலித் தாழி இருந்தால் குனிந்து முகர்ந்து பாருங்கள். ஈரமண் வாசம் வந்தால் நல்லது. வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ அடித்தால், அந்த வீட்டில் பாட்டில் வாங்காதீர்கள்.

ரிகட்சிதெலி, கிசி போன்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து இப்படி வருவது தேன்நிற ஒயின், கட்டன் டீபோலத் துவர்க்கும். அதிகம் குளிரவைத்தால் துவர்ப்பு இன்னும் தூக்கும். வெறும் வாயில் குடிக்காமல் சீஸோ வால்நட்டோ கடித்துக்கொண்டு குடியுங்கள். சிவப்பு அதற்குப் பிறகு. லேபிளில் 'கிண்ட்ஸ்மராவுலி' என்றிருந்தால் சபெராவியில் செய்த இனிப்பு கலந்த ஒயின். இனிக்காத சபெராவி வேண்டுமென்றால் 'முகுசானி' கேளுங்கள். கிளாஸில் மிச்சம் வைப்பதோ கிண்ணத்தில் துப்புவதோ ஆலையில் தப்பில்லை.

சாப்பாட்டு மேசை

விருந்தில் 'தமாதா' என்று ஒருவர் தலைமை ஏற்று ஒவ்வொன்றையும் வாழ்த்திப் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை கிளாஸைத் தொடாதீர்கள். முடிந்ததும் 'கௌமார்ஜோஸ்' சொல்லிக் குடிக்கலாம். நிறுத்திக்கொள்ள நினைத்தால் முதல் சுற்றிலேயே சொல்லுங்கள், பாதியில் சொன்னால் எடுபடாது. திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் 'சாச்சா' கடைசியில் வரும். சாராயம்தான், ஒரு சின்னக் கிளாஸோடு எழுந்துவிடுங்கள்.

சைவர்களுக்குப் பஞ்சமில்லை: லோபியோ என்ற பீன்ஸ் குழம்பு, வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், சீஸ் வைத்த ஹச்சாபுரி, தந்தூர் போன்ற அடுப்பில் சுட்ட ஷோட்டி ரொட்டி. 'சமார்ஹ்வோ' என்று கேட்டால், விரத நாளுக்கான இறைச்சியும் பாலும் இல்லாத சாப்பாடு என்று அவர்களுக்குப் புரியும்.

வாங்கி வருவதில் கவனம் தேவை. இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் மது, 750 மி.லி. பாட்டில் இரண்டுதான் அதற்குள் அடங்கும். வீட்டில் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பித் தரும் ஒயினை விமானத்தில் ஏற்றாதீர்கள். மிச்சச் சர்க்கரை மறுபடி நொதித்தால் மூடி பிதுங்கிவிடும். அதை அன்றைக்கோ மறுநாளோ குடித்துவிட வேண்டும். தெலாவி சந்தையில் தொங்கும் சுர்ச்ஹேலா, வால்நட்டை நூலில் கோத்துக் கெட்டியான திராட்சைச் சாற்றில் முக்கிக் காயவைத்தது. வளைத்தால் வளைய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பெரும்பாலும் திராட்சையின் சர்க்கரைதான். பஞ்சுபோல இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.